ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: விண்டோஸ் 11-ல் லேன் ஆட்டம் பாதியில் அறுகிறது, உதவி தேவை

வணக்கம். தீபாவளி விடுமுறையில் சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு ஒன்றில் நான்கு மடிக்கணினிகள், ஒரே ரௌட்டர் வழியாக லேன் (வீட்டுக்குள்ளான நெட்வொர்க்) இணைப்பு. 1999-ல் வந்த இந்தப் போர் வியூகக் கணினி ஆட்டமும் 2000-ல் வந்த அதன் கூடுதல் தொகுப்பான கான்கரர்ஸும்தான், 2019 பதிப்பு அல்ல. ஆடுகளை டவுன் சென்டர் (உணவைக் கொண்டுசேர்க்கும் தலைமைக் கட்டடம்) அடியிலேயே அறுத்து, கிராமத்தாருக்கு நடை மிச்சம் பிடிக்கும் அந்தத் தொடக்கத்துக்கு இன்றும் ஈடில்லை!

இதுவரை செய்தவை: விண்டோஸ் ஃபீச்சர்ஸில் லெகசி காம்பொனன்ட்ஸ் போய் டைரக்ட்பிளே (பழைய ஆட்டங்களை நெட்வொர்க்கில் இணைக்கும் விண்டோஸ் பகுதி) போட்டாயிற்று. அது இல்லாமல் மல்டிபிளேயர் வேலை செய்யாது. புல்லும் தண்ணீரும் ஊதாவாகத் தெரிந்தது, சிஎன்சி-டிடிரா (பழைய ஆட்டங்களின் திரைக்காட்சியைச் சரிசெய்யும் மென்பொருள்) போட்டதும் சரியானது. ஃபயர்வாலில் டிசிபி போர்ட் 47624, டிசிபி யுடிபி இரண்டிலும் போர்ட் 2300 முதல் 2400 வரை திறந்தாயிற்று. ஒரு கணினியில் மட்டும் நாங்கள் சேர வேண்டிய ஆட்ட அறையே (லாபி) தெரியவில்லை. விபிஎன் அடாப்டரை முடக்கியதும் தெரிந்தது. டைரக்ட்பிளே தவறான அடாப்டரைப் பிடித்துக்கொள்கிறது.

மிச்சம் இருப்பது 'அவுட் ஆஃப் சிங்க்', அதாவது கணினிகளின் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பிழை. நான்கு பேர், மக்கள்தொகை 200, ஆட்டத்தின் கடைசிக் கட்டமான இம்பீரியல் காலம் வந்ததும் அறுகிறது. இந்த ஆட்டம் படைகளின் இருப்பிடத்தை அனுப்புவதில்லை, கட்டளைகளை மட்டுமே அனுப்பும்; கணக்கு ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே ஓடும். அந்தக் கணக்குக்கு வேண்டிய கோப்பு ஒன்று மாறினாலும் பிசகிவிடும். நான்கிலும் 1.0சி பேட்ச்தான்.

டேட்டா கோப்புறையில் எந்தக் கோப்புகளை ஒப்பிட வேண்டும்? ரசிகர்கள் உருவாக்கிய யூசர்பேட்ச் 1.5-ஐ நான்கிலும் போட்டால் தீருமா? செய்து பார்த்தவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள்.