எங்க வளவு குரூப்: மஸ்கடெல் எந்தக் கோயில்?

மெய்யப்பன் (போர்தோ): 📷 படம்
ஆயா, பாருங்க. போர்தோ பக்கம் சோதெர்ன்ல, தித்திப்பு ஒயினுக்குத் திராட்சை பறிக்க வந்திருக்கோம்.

தேவகோட்டை ஆயா: என்ன தம்பி, பூஞ்சை புடிச்சுக் கெடக்கு. கீழ கொட்டச் சொல்லு

மெய்யப்பன் (போர்தோ): அதுக்குத்தான் ஆயா இங்க காசே 😄 சிரோன் ஆத்துல தண்ணி சில்லுனு வந்து கரோன்ல சேருது. விடியக்காலம் மூடுபனி, மத்தியானம் நல்ல வெயில். பனி ஈரத்துல போட்ரைடிஸ் பூஞ்சை தோலைத் துளைக்கும். வெயில்ல தண்ணி வத்தி, பழம் சுருங்கி, தித்திப்பு ஏறிடும். மழை புடிச்சுக்கிட்டா அதே பூஞ்சை எல்லாத்தையும் அழுக வச்சிரும்.

காரைக்குடி அம்மான்: மாப்ளே, சோதெர்ன் ஒயின்னா செமியோன் திராட்சைதானே?

மெய்யப்பன் (போர்தோ): பெரும்பங்கு அதுதான் அம்மான். அடுத்து சோவின்யோன் பிளாங். படத்துல இருக்கது மூணாவது ஆளு, மஸ்கடெல். சேர்த்தா நூத்துக்கு ஒரு சில பங்கு. சேர்க்காதவங்களும் உண்டு.

மீனா ஆச்சி: அம்புட்டுக்காண்டி அதை எதுக்கு வளக்கணும்?

மெய்யப்பன் (போர்தோ): மணத்துக்கு ஆச்சி. பூ வாசமும் பழ வாசமும் தூக்கலா இருக்கும்.

காரைக்குடி அம்மான்: நம்ம மசாலாவுக்குக் கல்பாசி மாதிரி 👌

மெய்யப்பன் (போர்தோ): கல்பாசி டப்பால கெடந்தாலும் கெடாது அம்மான். இது கொடியிலயே சீக்கிரம் அழுகிடும். அதான் வைக்கவே யோசிக்கிறாங்க.

தேவகோட்டை ஆயா: மணம்னா, கம்பத்துப் பன்னீர் திராட்சைக்குப் பங்காளியா?

மெய்யப்பன் (போர்தோ): ஆயா, சூப்பர் கேள்வி! பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க். 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதுதான். மஸ்கட் கூட்டம். மஸ்கடெல் வேற கோயில், அதாவது வேற வம்சம். டிஎன்ஏ பாத்ததுல, பெத்ததுல ஒண்ணு கூஏ பிளாங்னு ஒரு பழைய ரகம். ஷார்டனேன்னு பேர்போன வெள்ளை ஒயின் திராட்சையும் அதோட பிள்ளைதான்.

மீனா ஆச்சி: அப்ப ஒரே கோயில் பங்காளி, ஷார்டனே வீட்ல பொண்ணு எடுக்க முடியாது 😂😂

சோமு அண்ணன் (மெல்பர்ன்): டேய், அங்கதான் அது மூணாவது ஆளு. இங்க ஆஸ்திரேலியாவுல, ரூதர்க்லென்ல தனி ராஜா. கொடியிலயே வத்த விட்டு, புளிக்கும்போதே ஸ்பிரிட் ஊத்தி நிறுத்தி, பீப்பாயில வருஷக்கணக்கா போட்டுருவான். பழசாகப் பழசாகக் கருத்து, டீத்தூள், டாஃபி வாசமெல்லாம் வரும். ரொம்ப காலம் டோக்கேன்னு வித்தான். 1976ல பால் ட்ருயல்ங்கிற பிரெஞ்சுக்காரர்தான் கொடியைப் பாத்து, இது மஸ்கடெல்னு சொன்னாரு. இப்ப லேபிள்ல டோபாக்.

காரைக்குடி அம்மான்: சோமு, வரும்போது எடுத்துட்டு வா. ரெண்டு லிட்டர் வரைக்கும் கஸ்டம்ஸ்ல விடுவான்

தேவகோட்டை ஆயா: முன்னோரைக் கும்புடுற படைப்புக்கு வாரவன் பாட்டிலோட வரக்கூடாது

காரைக்குடி அம்மான்: ஆத்தா, வாசல் முகப்போட நிறுத்திக்கிறோம்

தேவகோட்டை ஆயா: முகப்பும் வீடுதான்

சோமு அண்ணன் (மெல்பர்ன்): அம்மான், காரைக்குடியில ரூம் போட்டுருவோமா?

மீனா ஆச்சி: இது ஃபேமிலி குரூப் அண்ணே, ஆயா படிச்சிட்டாக 🙈