ஸ்போர்ட்ஸ் ஆங்கர் ஆகோணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க?

கோபிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம், பி.காம் கடைசி வருசம். எங்கூர் மாரியம்மன் நோம்பிக்கு வருசா வருசம் கபடி போடுவாங்க, ரெண்டு வருசம் முன்னாடி மைக்ல பேசற அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, சித்த நேரம் பேசு அம்மிணின்னு என்ற கையில குடுத்தாங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நாந்தான் பேசுனேன். அதுக்கப்புறம் சுத்துவட்டாரத்துல நாலஞ்சு ஊர்ல கூப்பிட்டுட்டாங்க. இப்ப மனசு முச்சூடும் டிவில ஸ்போர்ட்ஸ் ஆங்கர் ஆகோணும்னுதான் இருக்குதுங்க. அப்பா ஒண்ணுமே சொல்றதில்ல. அம்மாவோட அப்பா, எங்க அப்பிச்சிதான் அது நெலையான சோறு போடாது கண்ணு, பேங்க் பரீட்சை எழுதுன்னு தெனமும் சொல்றாரு. பெரிய லெவல்ல வெளையாடாதவங்களுக்கு அங்க எடம் இருக்குதுங்களா? நம்மூர்ப் பேச்சு வாய்ல ஒட்டிக்கிட்டே வருது, அத மாத்தோணுமா? வருமானமெல்லாம் எப்படி? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சிங்காநல்லூர்க்காரன்:
தங்கச்சி, நான் மும்பைல ஸ்போர்ட்ஸ் ப்ரொடக்சன்ல ஒம்பது வருசம் இருந்துட்டு இப்ப ஊருக்கே வந்துட்டேன். கேமரா முன்னாடி நின்னதில்ல, ஆனா நிக்கறவங்க காதுக்குள்ள பேசறது எங்க டீம் வேலைதான், அதனால அந்தப் பக்கத்தைச் சொல்றேன்.

வெளியில இருந்து பாக்கறவங்க ஆங்கர்னா நல்லா பேசோணும்னு நெனைக்கறாங்க. பேச்சு ரெண்டாவதும்மா, மொதல்ல காது. காதுல ஒரு இயர்பீஸ் இருக்கும், அதுல பி.சி.ஆர்ங்கற கண்ட்ரோல் ரூம்ல இருந்து டைரக்டர், புரொடியூசர்னு யாராவது பேசிக்கிட்டே இருப்பாங்க, பக்கத்துல உக்காந்திருக்கற பழைய பிளேயர் பிட்ச்ல ஈரம் இருக்குதுன்னு வெளக்கிட்டு இருப்பாரு, அதே நேரத்துல காதுல டாஸ் லேட்டாகுது இன்னும் ரெண்டு நிமிசம் இழுன்னு வரும், இழுக்க ஆரம்பிச்ச ஒடனே இல்ல இல்ல பிரேக், டென், நைன்னு எண்ண ஆரம்பிச்சிருவாங்க. ஒன்னு வர்றப்ப சரியா உங்க வாய் மூடியிருக்கோணும், அதுவும் பாதி வாக்கியத்துல இல்ல, முடிச்சு. லைவ்ல எழுதி வெச்சுப் படிக்கறது ரொம்பக் கம்மி. நல்ல ஆங்கர் முகத்துல காதுக்குள்ள நடக்கற எதுவுமே தெரியாது. ஒருக்கா மழை வந்து மேட்ச் நின்னு போச்சு, எங்க ஆங்கர் முக்கால் மணி நேரம் கையில ஒரு பேப்பர்கூட இல்லாம ரெண்டு பிளேயர்களைப் பழைய கதை பேச வெச்சே ஓட்டுனாங்க. அன்னைக்கு அவங்க பேசுனதை மட்டும் சேத்துனா பத்து நிமிசம்கூட வராது, முச்சூடும் கேள்விதான்.

பெரிய லெவல்ல வெளையாடாதவங்களுக்கும் எடம் உண்டு. கிரிக்கெட் கமெண்டேட்டர் ஹர்ஷா போக்ளே ஹைதராபாத்ல கெமிக்கல் இன்ஜினியரிங், அப்புறம் அகமதாபாத் ஐ.ஐ.எம், விளம்பர கம்பெனில வேலை. ஆனா 19 வயசுலயே ஆல் இந்தியா ரேடியோல கமெண்டரி ஆரம்பிச்சுட்டாரு. நரோத்தம் பூரி காது மூக்கு தொண்டை டாக்டரு, தூர்தர்ஷன் காலத்துல அவர் குரல் தெரியாத வீடு கம்மி. நம்ம தமிழ்ல பாவ்னா சூப்பர் சிங்கர் மேடைல இருந்து ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கு வந்தவங்க. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் வந்ததே 2017லதான், அதுக்கு முன்னாடி நம்ம மொழில இந்த வேலை டிவில இவ்வளவு இல்லவே இல்ல. உங்களுக்கு நேரம் நல்லா இருக்குதுங்கறேன்.

தயாரா இருக்கறதுக்கு ஒண்ணு சொல்றேன். 2022 பிப்ரவரில பெங்களூர்ல ஐ.பி.எல் ஏலம் நடக்கறப்ப ஏலம் விடற ஹியூ எட்மீட்ஸ் மேடையிலேயே மயங்கி விழுந்துட்டாரு. மத்தியான நேரம், டிவில ரொம்ப வருசம் ஸ்போர்ட்ஸ் ஷோ, கமெண்டரி பண்ணுன சாரு ஷர்மாவுக்கு ஃபோன் போச்சு, அவர் வீடு பக்கம்ங்கறதால கெளம்பி வந்து, பிளேயர் லிஸ்ட்டைக் கையில வாங்கி, சுத்தியலைப் புடிச்சு ஏலத்தை நடத்திட்டாரு. அத்தன வருசம் மைக் புடிச்ச பழக்கந்தான் அன்னைக்கு அவரக் காப்பாத்துச்சு.

பேச்சு மாத்தோணுமான்னு கேட்டீங்க. ழ, ல, ள மட்டும் சுத்தமா வரோணும். "ங்க" போட்டுப் பேசறது கொறை இல்லீங்க, கேக்கறவங்களுக்கு மரியாதையா இருக்கும். தெனமும் நைட்டு ஒரு பழைய மேட்சை சவுண்டை அணைச்சுட்டு ஓட விட்டுப் பேசி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, மறுநாள் கேளுங்க. மொத வாரம் அழுகை வரும், விடாதீங்க.

செட்டிபாளையம் ரோடு:
கிரிக்கெட்டைத் தாண்டியும் யோசிங்க அம்மிணி. நம்ம கோயமுத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு ரேஸ் ட்ராக் இருக்குது, நேஷனல் ரேஸ் அங்க நடக்குது. 2005ல ஃபார்முலா ஒன் ஓட்டுன மொத இந்தியர் நரேன் கார்த்திகேயன் நம்மூருதானுங்களே. அங்க ரேஸைத் தமிழ்ல புரியற மாதிரி சொல்லத் தெரிஞ்ச ஆள் ரொம்பக் கம்மி, நான் வருசா வருசம் போயி ஏங்கிட்டு வர்றேன். அப்புறம் நம்ம தமிழ்நாட்டு டி20 லீக், டி.என்.பி.எல் இருக்குது, அந்த மாதிரி எடத்துல கூட்டத்துக்கு மைக் புடிக்கற வேலை கெடச்சாலும் விடாதீங்க.

ஈரோட்டு அக்கா:
கண்ணு, நான் சின்ன சேனல்கள்ல ஆறு வருசமா மேட்ச் ஷோ பண்றேன், காசைப் பத்தி நான் சொல்றேன். பெரும்பாலும் மாசச் சம்பளம் கெடையாது, நாள் கணக்கு, இல்லீன்னா சீரிஸ் கணக்கு. ஐ.பி.எல் ரெண்டு மாசம் தூங்க நேரம் இருக்காது, அப்புறம் மூணு மாசம் ஃபோனே அடிக்காது. ஒரு எடத்துல பண்ணுன வேலைக்குப் பணம் வர எட்டு மாசம் ஆச்சு எனக்கு, அந்த வருசம் என்ற வளையலை அடகு வெச்சுத்தான் வாடகை கட்டுனேன். அதனால உங்க அப்பிச்சி சொல்றதுலயும் நியாயம் இருக்குது, அவரு மேல கோவப்படாதே. டிகிரியை முடி, வருமானத்துக்கு ஒரு வேலை வெச்சுக்கோ, எழுதிக் கையெழுத்துப் போடாத எந்த வேலைக்கும் போகாதே.

பொம்பளைப் புள்ளைக்கு இன்னொண்ணும் இருக்குது. 2003 கிரிக்கெட் வேர்ல்ட் கப்ல நடிகை மந்திரா பேடி டிவி ஷோ நடத்த வந்தப்ப அவங்க துணியப் பத்திப் பேசுனாங்களே தவிர கேட்ட கேள்வியப் பத்தி யாரும் பேசல, பேனல்ல இருந்தவங்களே மொதல்ல கண்டுக்கலைன்னு அவங்களே பேட்டில சொல்லியிருக்காங்க. இருந்தும் நின்னாங்க. நீ போற அன்னைக்கு உனக்கு ஒரு பிளேயரோட பழைய மேட்ச்சு, அவன் அடிபட்ட கதை, ஊரு எல்லாம் தெரிஞ்சிருக்கோணும், அப்பத்தான் எதிர்ல உக்காந்திருக்கறவன் உன்னைத் திரும்பிப் பாப்பான்.

உடம்பையும் பாத்துக்கோ. ஆஸ்திரேலியாவோட பழைய பிளேயர் டீன் ஜோன்ஸ் 2020ல ஐ.பி.எல் கமெண்டரி வேலைக்கு வந்து மும்பை ஓட்டல்லயே திடீர்னு எறந்துட்டாரு, 59 வயசுதான். நேரங்கெட்ட நேரத்துல சாப்பிட்டு தூங்கற பொழப்பு இது.

கோபிப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, அக்கா சொன்னதை அப்பிச்சிகிட்ட அப்படியே படிச்சுக் காட்டிட்டேன், ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டாரு. ஒரு சந்தேகம் மட்டும். கபடில நான் ரெய்டு போறப்ப நிறுத்தாம பேசறேன், போனஸ் லைன் தொட்டாச்சு, சூப்பர் டேக்கிள்னு கத்தறேன், கூட்டத்துக்கு அதுதான் புடிக்குது. டிவிக்கு அதக் கொறைக்கோணுமா?

சிங்காநல்லூர்க்காரன்:
கொறைக்கோணும். ரெய்டு 30 செகண்டு, டிவில பாக்கறவனுக்கு அது கண்ணுல தெரியுது, தெரியாததை மட்டும் சொல்லுங்க. எதிர்ல ஆறு பேராவது இருந்தாத்தான் போனஸ் கெடைக்கும், இப்ப அஞ்சு பேர்தான், அதனால பாயிண்ட் வேணும்னா அவன் உள்ள போயி யாரையாவது தொட்டே ஆகோணும், இப்படி. அப்புறம் வாயை மூடிட்டு அந்தக் கூட்டம் கத்தறது கேக்கட்டும்.

பேட்டிக்கு ஒண்ணு. 2020 ஆஸ்திரேலியா டூர்ல நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை டி20 முடிஞ்சதும் பழைய பிளேயர் முரளி கார்த்திக் பேட்டி எடுத்தாரு, தமிழ்ல. தமிழ்ல கேட்டதும் அவரு எப்படிப் பேசுனாருன்னு பாருங்க. அந்தக் கிளிப்பை நாலு தடவை பாருங்க, நடராஜன் முகத்த இல்ல, கேள்வி கேட்டதும் கார்த்திக் எப்ப நிறுத்தறாருன்னு.

ஈரோட்டு அக்கா:
அடுத்த நோம்பில ஜெயிச்ச டீம் கேப்டனை நிறுத்தி அஞ்சு கேள்வி கேளு, "எப்படி ஃபீல் பண்றீங்க" மட்டும் கேக்காதே. ஃபோன்ல எடுத்து அனுப்பு கண்ணு, நான் பாத்துச் சொல்றேன்.