ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின் அச்சில் ஊளைச் சத்தம்: எதைச் சோதிப்பது?

கேள்வி:

வணக்கம். பின்சக்கர இயக்கமும் மேனுவல் கியர்பாக்ஸும் கொண்ட பழைய செடான் ஒன்றை ஓட்டுகிறேன். வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து ஊளையிடுவது போன்ற சத்தம் எழுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கும்போது அது அநேகமாகக் கேட்பதில்லை. காலை எடுத்து, கியரில் இருந்தபடியே வண்டி வேகம் குறையும்போது தெளிவாகக் கேட்கிறது. டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டும் சத்தம் மாறவில்லை. பட்டறையில் டிஃபரன்ஷியலை (இன்ஜின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தரும், பின் அச்சின் பல்சக்கரத் தொகுதி) முழுவதுமாக மாற்றிவிடலாம் என்கிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன், சத்தம் உண்மையில் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று உறுதிசெய்ய வழி உண்டா?

முதல் பதில்:

உண்டு. எதையும் கழற்றாமலேயே பாதி வழி வந்துவிடலாம். வண்டியை நிறுத்திவைத்து இன்ஜின் வேகத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் பின் அச்சுக்கு அதில் பங்கில்லை. வராவிட்டால், ஒரே சாலை வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் மாறிமாறி ஓட்டிக் கேளுங்கள். இன்ஜின் சுற்று மாறியும் சத்தத்தின் சுருதி மாறாமல் இருந்தால், கோளாறு கியர்பாக்ஸின் வெளியீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பிறகு வெறிச்சோடிய நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கமும் வலப்பக்கமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வளைக்கும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தின் மேல் ஏறும். அந்நேரம் சத்தம் கூடினால் வலப்பக்கச் சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் உருளவிட்டும் கேட்கலாம், ஆனால் இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். பிரேக், ஸ்டியரிங் இரண்டின் உதவி விசையும் போய்விடும்.

இரண்டாம் பதில்:

முதலில் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று உறுதிசெய்த பிறகே வடிக்கும் துளையின் மூடியைத் திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க நேரும். வடிதுளை மூடியில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு இயல்பான தேய்மானம்; கையில் உறுத்தும் செதில்களும் துண்டுகளும் இயல்பல்ல.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. நிறுத்திவைத்து இன்ஜினை ஏற்றியபோது சத்தம் இல்லை. இரு கியர்களிலும் சுருதி ஒன்றாகவே இருக்கிறது. ஸ்டியரிங்கை வளைத்தாலும் மாற்றமில்லை. ஆயில் சரியான மட்டத்தில் இருக்கிறது. காந்தத்தில் குழைவு மட்டுமே இருந்தது. முன்பே சொல்லியிருக்க வேண்டிய இன்னொரு செய்தி: பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் விசையைக் கொண்டுசெல்லும் சிறிய பல்சக்கரம்) ஆயில் சீல் கசிந்ததால் வேறொரு பட்டறையில் அதை மாற்றினார்கள். சத்தம் அதன் பிறகுதான் தொடங்கியது.

மூன்றாம் பதில்:

அந்தக் கடைசிச் செய்திதான் முக்கியமானது. சீலை மாற்ற வேண்டுமானால் பினியன் நட்டைக் கழற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு விசை கொண்டுவரும் தண்டு) பினியனோடு பிணைக்கும் இணைப்புத் தகட்டை வெளியே எடுக்க வேண்டும். பல டிஃபரன்ஷியல்களில் இரு பினியன் பேரிங்குகளுக்கும் இடையே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குகளுக்கு வேண்டிய முன்னழுத்தத்தைத் (அவற்றை ஆட்டமில்லாமல் பிடித்துவைக்கும் அழுத்தம்) தரும். நட்டைப் பழைய நிலைக்குச் சற்று முன்பாகவே நிறுத்திவிட்டால் முன்னழுத்தம் குறைந்து, பினியன் முன்னும் பின்னும் நகரத் தொடங்கும்.

காலை எடுத்ததும் மட்டும் ஏன் சத்தம் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பினியனின் அச்சு, அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் மையத்திலிருந்து சற்று விலகியிருக்கும் வழக்கமான ஹைப்பாய்டு அமைப்பில், இன்ஜின் வண்டியை இழுக்கும்போது பற்களின் ஒரு முகம் சுமை தாங்கி, பினியனைக் கிரவுன் வீலிலிருந்து வெளிநோக்கித் தள்ளும். காலை எடுத்ததும் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றுவதால் பற்களின் மறுமுகம் சுமை ஏற்று, பினியன் கிரவுன் வீலை நோக்கி இழுக்கப்படும். ஆட்டம் இருந்தால் பற்கள் பொருந்தும் இடம் அந்த நொடியில் விலகிவிடும்.

சத்தம் பற்களிலிருந்துதான் வருகிறதா என்பதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால், 72 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 10 முறை சுற்றும். கிரவுன் வீலில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால், பற்கள் நொடிக்கு 410 முறை மோதும். புரொப்பல்லர் ஷாஃப்ட் 41 முறை சுற்றும். கைபேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலியில் 410 ஹெர்ட்ஸுக்கு அருகில் உச்சம் தெரிந்தால் அது பற்களின் குரல். 41 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வு ஷாஃப்ட்டின் சமநிலைக் குறைபாட்டைக் காட்டும்; அதை ஊளை என்று யாரும் சொல்லமாட்டார்கள், உறுமல் என்றே சொல்வார்கள். உங்கள் வண்டியின் பற்களின் எண்ணிக்கையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரடிச் சோதனை எளிது. வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, பினியனின் இணைப்புத் தகட்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். அச்சுத் திசையில் ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது. சுழற்சியில் சிறிது தளர்வு தெரிவது பற்களின் இடைவெளி. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

முதல் பதிலளித்தவர்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஆட்டம் இருப்பது தெரிந்ததும் நட்டை நீளக் குழாய் போட்டு இறுக்கிவிடாதீர்கள். ஸ்லீவ் அளவுக்கு மீறி நசுங்கிவிட்டால் நட்டைத் தளர்த்தினாலும் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. புதிய ஸ்லீவ் போட்டுத்தான் ஆக வேண்டும். கூடுதல் முன்னழுத்தத்தில் பேரிங் சூடேறிக் கெட்டுவிடும். சிறிய அளவுகளைக் காட்டும் டார்க் ரெஞ்சால் பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசையை அளந்தபடியே, கையேட்டில் உள்ள எண் வரும்வரை சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

ஆட்டமே இல்லை என்றால், பின் மூடியைத் திறந்து, டயல் கேஜால் பற்களின் இடைவெளியை அளந்து, பற்களில் குறியீட்டு மை தடவி, பொருந்தும் தடத்தை இரு முகங்களிலும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நிலையிலேயே நீண்ட தூரம் ஓடியிருந்தால் பற்கள் தவறான தடத்தில் தேய்ந்திருக்கும். அப்போது முன்னழுத்தத்தைச் சரிசெய்த பிறகும் ஊளை ஓரளவு எஞ்சலாம். கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தப்பட்ட ஜோடி என்பதால், மாற்ற நேர்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முழு டிஃபரன்ஷியலையும் மாற்றுவதைப் பற்றி, தடத்தைப் பார்த்த பிறகு பட்டறையோடு பேசுங்கள்.