கடன் முடிந்து என்ஓசி வந்தாச்சு, சிபில்ல இன்னும் 590 ரூபாய் ஓவர்டியூ. யாரைப் பிடிப்பது?

திருப்பூர்வாசி:
வணக்கம். ஃபிரிட்ஜுக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 12 மாதத் தவணைக் கடன். கடைசித் தவணை போய், மறுமாதம் என்ஓசியும் (பாக்கி இல்லை என்ற சான்று) வந்துவிட்டது. இப்போது வீட்டுக்கடன் கேட்டுப் போனால், சிபில் (கடன் வரலாற்றைப் பதியும் நிறுவனம்) ரிப்போர்ட்டில் அதே கடன் ‘ஓப்பன்’, கரண்ட் பேலன்ஸ் 590, ஓவர்டியூ 590. டிபிடி (எத்தனை நாள் தாமதம்) கட்டங்களில் 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போகிறது. சிபில் தளத்தில் டிஸ்பியூட் (தகவல் தப்பு என்ற புகார்) போட்டேன். “கடன் கொடுத்த நிறுவனம் தகவல் சரியென்று உறுதி செய்துள்ளது” என்று முடித்துவிட்டார்கள். கஸ்டமர் கேரில் “590 கட்டுங்க, சரியாயிடும்” என்கிறார்கள். கட்டித் தொலைக்கலாமா?

பேரேடு:
பொறுங்க, இப்போதைக்குக் கட்டாதீங்க. 590ன்னு பார்த்ததுமே தெரியுது: 500 ரூபாய் பவுன்ஸ் சார்ஜ், அதுக்கு 18% ஜிஎஸ்டி 90. ஏதோ ஒரு மாதம் நாச் (வங்கிக் கணக்குலேருந்து தவணையைத் தானா எடுக்கற ஏற்பாடு) பணம் எடுக்க முடியாம திரும்பியிருக்கும். தவணையை மறுபடி எடுத்துட்டாங்க, சார்ஜ் மட்டும் கணக்குல தொங்குது. முதல்ல கம்பெனிகிட்ட ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுண்ட் (கடன் கணக்கோட வரவு செலவு விவரம்) கேட்டு வாங்கி, அந்தச் சார்ஜ் விழுந்த தேதியைப் பாருங்க. என்ஓசிக்கு முந்தின தேதின்னா, பாக்கி இல்லைன்னு எழுதிக் கொடுத்தவங்க அதே பாக்கியைக் காட்டறாங்க. பிந்தின தேதின்னா, முடிஞ்ச கடனுக்கு நாச் அனுப்பினதே தப்பு.

கட்டினா கணக்கு மூடப்படும், வாஸ்தவம். ஆனா 030, 060, 090 எல்லாம் நிஜமான தாமதமாவே நின்னுடும். ரிப்போர்ட்ல 36 மாத வரலாறு தெரியும். ஸ்கோரை அடிக்கறது 590 ரூபாய் இல்லைங்க, அந்தக் கட்டங்கள்தான்.

கிளைமேசை:
பேரேடு சார் சொல்வது சரி. ஆனால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, தேதி நெருக்குகிறது என்றால் கட்டுவதிலும் தப்பில்லை. கட்டுவதற்கு முன் “இந்தத் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை, டிபிடி திருத்தம் கேட்கும் உரிமையை விடவும் இல்லை” என்று ஒரு மெயில் போட்டுவிட்டுக் கட்டுங்கள். ரசீதில் ‘செட்டில்மென்ட்’ என்ற சொல் வரவே கூடாது. 200 ரூபாய் தள்ளுபடி தருகிறோம் என்பார்கள், ஆசைப்படாதீர்கள். ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று விழுந்தால், முழுசாகக் கட்டாத கடன் என்றுதான் அடுத்த வங்கி படிக்கும். ‘க்ளோஸ்டு’ என்று வர வேண்டும்.

திருப்பூர்வாசி:
இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அவகாசம் இருக்கிறது. டிஸ்பியூட்டைத்தான் நிராகரித்துவிட்டார்களே, மேற்கொண்டு என்ன செய்வது?

பேரேடு:
சிபில் தானா எதையும் மாத்த முடியாது. கடன் கொடுத்தவங்க உறுதி செஞ்சாதான் திருத்தம். நீங்க ‘தவறான பேலன்ஸ்’னு டிஸ்பியூட் போட்டிருப்பீங்க. அங்க இருக்கறவர் சிஸ்டத்தைத் திறந்தா 590 இருக்கும், ‘சரி’ன்னு தட்டிட்டுப் போயிருப்பார். என்ஓசியை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. அதனால சண்டை கம்பெனியோடதான். அவங்க தளத்துல குறைதீர் அலுவலர் மெயில் இருக்கும். புகாரை அங்க அனுப்புங்க. கஸ்டமர் கேர் டிக்கெட்டை மட்டும் நம்பாதீங்க.

புலம்பாம, கட்டம் கட்டமா எழுதுங்க:
“கடன் எண் இது. என்ஓசி தேதி இது (இணைப்பு). ரிப்போர்ட் கண்ட்ரோல் நம்பர் இது. இப்போது உள்ளது: ஸ்டேட்டஸ் ஓப்பன், பேலன்ஸ் 590, ஓவர்டியூ 590, இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை டிபிடி 030 முதல் மேலே. இருக்க வேண்டியது: க்ளோஸ்டு, மூடிய தேதி இது, பேலன்ஸ் 0, ஓவர்டியூ 0, கடன் முடிந்த பிறகு ஏற்றிய டிபிடி முழுவதும் நீக்கம். சார்ஜை உங்கள் லோன் சிஸ்டத்திலேயே ரிவர்ஸ் செய்து, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் திருத்தம் அனுப்பவும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும்.”

கடைசி வரி முக்கியம். திருத்தத்தை மறுத்தா காரணம் சொல்லியே ஆகணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கு. அதே நாள் என்ஓசியை வெச்சு சிபில்லயும் புதுசா புகார் போடுங்க. கட்டணம் கிடையாது.

சேலம்கணக்கர்:
நாள் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். புகார் முழுசாகத் தீர 30 நாள். அதற்குள் கடன் நிறுவனம் 21 நாளில் திருத்திய தகவலை அனுப்ப வேண்டும். 30 நாள் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. 21 நாளில் அனுப்பாவிட்டால் கம்பெனி தர வேண்டும். அவர்கள் அனுப்பியும் சிபில் ஏற்றவில்லை என்றால் சிபில் தர வேண்டும். புகாரிலேயே வங்கிக் கணக்கு எண்ணோ யுபிஐ ஐடியோ கொடுத்துவிடுங்கள்.

‘லோன் சிஸ்டத்திலேயே ரிவர்ஸ்’ என்று பேரேடு எழுதியதை லேசாக விடாதீர்கள். ரிப்போர்ட்டில் மட்டும் திருத்தி, கம்பெனி கணக்கில் 590 அப்படியே கிடந்தால், அடுத்த டேட்டா அப்லோடில் அது திரும்ப ஏறிவிடும். 2025 ஜனவரி முதல் மாதம் குறைந்தது இரண்டு முறை அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டது, ஆக 15 நாளுக்குள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ரிப்போர்ட்டில் ‘டேட் ரிப்போர்ட்டட்’ (கம்பெனி கடைசியாகத் தகவல் அனுப்பிய தேதி) என்ற வரியைப் பாருங்கள். போன மாதத் தேதி இருந்தால், தப்பான தகவல் இன்றும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று, நம்மூர்க்காரர்களுக்கே உரியது: பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும், கடன் கணக்கில் வெறும் இனிஷியல் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் காட்டிப் புகாரைத் திருப்பி அனுப்புவார்கள். பான் நகலை முதல் மெயிலிலேயே சேர்த்துவிடுங்கள்.

கிளைமேசை:
30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் போடலாம், கட்டணமில்லை. சந்தேகம் கேட்க 14448. கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து இதற்குள் வந்துவிட்டன. முதல் புகார் மெயிலும் அதன் தேதியும் கையில் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

திருப்பூர்வாசி:
மிக்க நன்றி. ஸ்டேட்மென்ட் எடுத்துவிட்டேன். சார்ஜ் தேதி என்ஓசிக்கு 9 நாள் பின்னால் இருக்கிறது! திருத்தம் வந்ததா என்று பார்க்க அடிக்கடி ரிப்போர்ட் எடுத்தால் ஸ்கோர் குறையுமா?

பேரேடு:
குறையாது. நீங்களே எடுக்கறது ஸ்கோர்ல சேராது, வங்கி எடுக்கறதுதான் என்கொயரியா விழும். நாலு கம்பெனியிலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். சிபில்ல சரியானதும் மத்த மூணையும் எடுத்துப் பாருங்க. அதுவரைக்கும் வேற வங்கியில வீட்டுக்கடன் விண்ணப்பம் போடாதீங்க.