1994இல் கட்டிய அடுக்குமாடிக்கு ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இல்லை, என்ன செய்யலாம்?

வேளச்சேரி24:
வணக்கம். எங்கள் குடியிருப்பு 1994இல் கட்டியது. கீழே கார் பார்க்கிங், மேலே மூன்று மாடி, மொத்தம் 24 வீடு. சங்கச் செயலாளர் பொறுப்பு இந்த ஆண்டுதான் என்னிடம் வந்தது. பார்க்கிங்கில் படிக்கட்டை ஒட்டிய தூணில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை நெடுக்காக விரிசல். போன வாரம் ஒரு பக்கம் கான்கிரீட் பெயர்ந்து விழுந்துவிட்டது. உள்ளே கம்பி துருவேறிப் பொருக்குப் பொருக்காக உரிகிறது.

பார்க்க வந்த இன்ஜினியர் முதலில் கேட்டதே ஸ்ட்ரக்சுரல் டிராயிங்தான், அதாவது தூண், பீம், கம்பி விவரம் காட்டும் வரைபடம். எங்களிடம் இருப்பது விளம்பரப் பிரசுரமும் கிரயப் பத்திரத்தோடு வைத்த வீட்டு வரைபடமும் மட்டுமே. பில்டர் தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இதற்கிடையில் மொட்டை மாடியில் இன்னொரு 5,000 லிட்டர் டேங்க் வைக்கலாம் என்று சில வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். டிராயிங் எங்கே கிடைக்கும்? கிடைக்கவே இல்லை என்றால் வழி என்ன?

பத்திரப்பெட்டி:
முதலில் வீட்டுக் கடன் வாங்கியவர்களைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் கடன் கொடுத்த வங்கிகள் அனுமதி பெற்ற பிளானின் நகலை வாங்கி வைத்திருக்கும். கடன் முடிந்ததும் பத்திரத்தோடு அதுவும் திரும்பி வந்து யாராவது ஒருவர் பீரோவில் கிடக்கும். எங்கள் குடியிருப்பில் அப்படித்தான் கிடைத்தது.

இல்லையென்றால் பத்திரத்திலோ கட்டுமான ஒப்பந்தத்திலோ பிளானிங் பர்மிட் எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டு சி.எம்.டி.ஏ.வுக்கு (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். அனுமதி யார் கொடுத்தது என்று தெரியாவிட்டால் மாநகராட்சிக்கும் ஒரு மனு போட்டுவிடுங்கள்.

தூண்_பீம்:
நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். பழைய கட்டடங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை.

டிராயிங் தேடுவது இருக்கட்டும், தூண்தான் முதலில். வந்த இன்ஜினியரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் பீமுக்கு அடியில் ஜாக்கி முட்டு கொடுங்கள். அந்தத் தூணைச் சுற்றி வண்டி நிறுத்த வேண்டாம். சிமெண்ட் பூசி மூட யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். துரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாமல் போய்விடும்.

டேங்க் வேண்டவே வேண்டாம். 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். டேங்கின் அடிப்பரப்புக்குக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் வரும். ஆள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்குக் கட்டடச் சுமை பற்றிய இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோதான். தூண், பீம் எங்கே போகிறது என்று தெரியாமல் ஸ்லாப் நடுவில் அதை ஏற்றக் கூடாது.

இப்போது டிராயிங். அனுமதி பெற்ற பிளான் கிடைத்தாலும் அதில் அறையளவும் உயரமும் காலி இடமும்தான் இருக்கும். தூணுக்குள் எத்தனை கம்பி, என்ன கனம், அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பது பெரும்பாலும் இருக்காது. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கே கிடைத்தாலும் அது கட்ட நினைத்ததைத்தான் காட்டும். கட்டியது அதுதானா என்று சில இடங்களிலாவது பார்த்தாக வேண்டும். அதனால் கட்டடத்திடமே கேட்டு எழுதுவதுதான் வழி.

பார்க்கிங்கில் நின்று எல்லாத் தூணையும் ஒரு தாளில் வரைந்து சி1, சி2 என்று எண் போடுங்கள். அதே எண்ணைத் தூணிலும் பெயிண்டில் எழுதுங்கள். 'படிக்கட்டுப் பக்கத் தூண்' என்று ரிப்போர்ட்டில் எழுதினால் பத்து வருஷம் கழித்துப் படிப்பவருக்கு எந்தப் படிக்கட்டு, எந்தப் பக்கம் என்று புரியாது. சி7 என்றால் என்றைக்கும் சி7தான்.

அப்புறம் சோதனைகள். கம்பி இருக்கும் இடத்தையும் அதன் மேல் கான்கிரீட் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதையும் கருவி வைத்தே பார்த்துவிடலாம். கம்பியின் கனத்தை மட்டும் கருவியை நம்பி எழுதக் கூடாது. ஓரிரு இடத்தில் உடைத்து வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். உடைத்த புது முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரத்தன்மை இருக்கும் இடம் பளிச்சென்று ரோஸ் நிறமாகும். நிறம் மாறாத பட்டை வெளிப்பக்கத்திலிருந்து கம்பி வரை வந்துவிட்டால், கம்பிக்கு கான்கிரீட் தரும் பாதுகாப்பு அங்கே போய்விட்டது என்று அர்த்தம். ஒரு தூணுக்கு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் சில தூண்களிலும் பாருங்கள். அடித்தளத்துக்கு, தூண் ஓரமாக ஒரு குழி எடுத்து ஆழமும் அகலமும் அளந்துவிட்டு மூடிவிடலாம்.

கான்கிரீட் தரத்துக்கும் ஒரு துப்பு இருக்கிறது. 1994 என்றால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456இன் 1978 பதிப்புதான் நடைமுறையில் இருந்தது. அதன்படி எம்15 கான்கிரீட்டில்கூட தூண் போடலாம் (எம் எண் கூடினால் வலிமை கூடும்). 2000 பதிப்பில்தான் குறைந்தபட்சம் எம்20 ஆனது. எனவே எம்20 இருக்கும் என்று நினைத்துக் கணக்குப் போட வேண்டாம். கோர், அதாவது கான்கிரீட்டில் உருளையாகத் துளைத்த துண்டு, எடுத்துச் சோதிக்கட்டும்.

கடைசியாக, நான் எல்லாச் சங்கத்திடமும் வற்புறுத்துவது இது: ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'அளந்தது', 'ஊகித்தது' என்று எழுதி வாங்குங்கள். இரண்டும் கலந்துபோன ரிப்போர்ட்டை அடுத்த இன்ஜினியர் முழுக்க நம்பவும் முடியாது, முழுக்கத் தள்ளவும் முடியாது. திரும்பவும் முதலிலிருந்து உடைக்க வேண்டிவரும்.

வேளச்சேரி24:
மிக்க நன்றி சார். டேங்க் பேச்சை இந்தக் கணக்கை வைத்தே நிறுத்திவிட்டேன். சோதனைச் செலவுதான் பிரச்சினை. "ஒரு தூண்தானே, அதை மட்டும் சரி பண்ணுங்கள்" என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

தூண்_பீம்:
அமெரிக்காவில் சர்ப்சைடு என்ற ஊரில் 2021 ஜூன் 24 அன்று இடிந்த குடியிருப்பைப் பற்றிச் சொல்லுங்கள். 1981இல் கட்டியது. 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளத்தில் தண்ணீர் வடிய வழியில்லை, அடியில் கான்கிரீட் பெரிய அளவில் கெட்டிருக்கிறது என்று 2018லேயே ஓர் இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பெரிய பழுது வேலை தொடங்குவதற்குள் கட்டடம் விழுந்துவிட்டது. அங்கேயும் வீட்டுக்காரர்கள் செலவைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் ரிப்போர்ட் வந்ததும் பீரோவில் வைக்காமல் பொதுக்குழுவில் வாசியுங்கள். எந்த வேலை, எப்போதைக்குள், யார் பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அண்ணாநகர்_லதா:
எங்கள் சங்கத்தில் செய்ததைச் சொல்கிறேன். சங்கத்தின் பெயரில் தனி மெயில் கணக்கு தொடங்கி எல்லா ஆவணமும் அதில் வைத்தோம். செயலாளர் சொந்த மெயிலில் வைத்தால் அவர் வீட்டை விற்றுப் போகும்போது எல்லாம் போய்விடும். வாட்ஸ்அப் குழுவில் போட்ட படங்களும் அப்படித்தான். காகிதத்தில் ஒரு செட் தனியாக இருக்கிறது. நிர்வாகம் மாறும்போது பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்படைக்கிறோம்.

யாராவது வீட்டுக்குள் சுவர் இடித்தாலோ பாத்ரூம் மாற்றினாலோ, இடிக்கும் முன்பும் பூசும் முன்பும் போட்டோ வாங்கிவிடுகிறோம். பக்கத்தில் டேப் பிடித்து எடுக்கச் சொல்வோம். பூசிவிட்டால் பைப் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

புதுவீடு2025:
இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்களுக்கு அடுத்த மாதம் புது வீட்டுச் சாவி தருகிறார்கள். இதையெல்லாம் பில்டரிடமே கேட்கலாமா?

தூண்_பீம்:
கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி ஆவணங்களையும் பிளான்களையும் சங்கத்திடம் ஒப்படைப்பது பில்டரின் பொறுப்பு. பிளான் என்றதும் கலர் வரைபடத்தை நீட்டுவார்கள். ஸ்ட்ரக்சுரல் டிராயிங், மண் பரிசோதனை ரிப்போர்ட், கான்கிரீட் கியூப் சோதனை முடிவு, மின்சாரம், பைப், தீயணைப்பு டிராயிங் என்று பெயர் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 'கட்டியபடி' வரைந்த டிராயிங்தான் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்ட்ரக்சுரல் குறைகளுக்கு அதே சட்டத்தில் ஐந்து வருஷப் பொறுப்பு உண்டு. பில்டர் தொடர்பில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

வேளச்சேரி24:
எல்லோருக்கும் நன்றி. தூணுக்கு முட்டு கொடுத்தாகிவிட்டது. மூன்றாம் மாடியில் ஒரு அம்மா வங்கியிலிருந்து வந்த பையில் அனுமதி பெற்ற பிளானை எடுத்துக் கொடுத்தார். சார் சொன்னபடியே கம்பி விவரம் எதுவும் இல்லை, ஆனால் தூண்களின் இடம் இருக்கிறது. அதை வைத்து எண் போட்டபோது, ஜெனரேட்டர் அறைக்குள் பிளானில் இல்லாத ஒரு தூண் நிற்கிறது. பின்னால் யாரோ சேர்த்திருக்க வேண்டும். அதற்கும் சோதனை தேவையா சார்?

தூண்_பீம்:
கட்டாயம். அதற்குக் கீழே அடித்தளம் இருக்கிறதா என்று முதல் குழியை அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். வெறும் தரையின் மேல் நிற்கிறதா, மேலே உள்ள பீமை உண்மையிலேயே தாங்குகிறதா என்று தெரியும் வரை அதில் யாரும் கை வைக்க வேண்டாம். உங்கள் வரைபடத்தில் அதற்கும் ஒரு எண் கொடுத்து, 'அனுமதி பிளானில் இல்லை' என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.