சின்ன அமைப்புகளுக்குப் பயிற்சி: யாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

கரைவலை:
ஒரு பெரிய அமைப்பு (பேர் வேண்டாம், வாட்ஸாப்பில் எல்லாருக்கும் வந்திருக்கும்) மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கடற்கரையிலும் வேலை பார்க்கிற சின்னச் சின்னக் காட்டுயிர்க் குழுக்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தருகிறதாம். முதலில் ஐந்து நாள் தங்கிப் படிக்கிற பட்டறை, அப்புறம் மாதம் ஒருமுறை ஜூமில் ஒரு மென்டார் (வழிகாட்டி), கடைசியில் சான்றிதழ். பணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஜனவரி பிறந்தால் பங்குனி ஆமைக்காக ராத்திரி பூராவும் மணலில் நடக்கிற கூட்டம் நாங்கள், டார்ச் பேட்டரியும் டீயும் கைக்காசு. எங்களுக்கு லாக்ஃபிரேம் (திட்டத்தின் இலக்கையும் வேலையையும் கட்டம் போட்டு எழுதுகிற அட்டவணை) போடச் சொல்லிக்கொடுத்தால் ஒரு முட்டைகூடக் கூடுதலாகப் பொரியாது. 2017இல் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்பு பெருகிப்போய் அங்கே இருந்த நிபுணர்கள் திணறியபோது யாரைக் கூப்பிட்டார்கள்? பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த நம்ம ஊர் இருளர் பழங்குடிகள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தானே? அங்கே போய் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவர்கள் எந்த ஏசி ஹாலில் உட்கார்ந்து படித்தார்கள்?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, இருளர் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். தடம் பார்க்கிற திறமை அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்ததுதான். ஆனால் 1970களில் பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டதும் அந்தத் திறமையை வைத்துக்கொண்டு அவர்கள் பட்டினி கிடந்தார்கள். 1978இல் கூட்டுறவுச் சங்கம் பதிவானது, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து விற்க வழி பிறந்தது, அதற்கு அனுமதி, கணக்குப் புத்தகம், அரசு அலுவலக அலைச்சல் எல்லாம் இருந்தன. சங்கம் நடத்துவதும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான்.

பணம் ஏன் தரவில்லை என்று கேட்கிறீர்கள். அவர்களால் தர முடியாது. 2020 செப்டம்பரில் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. வெளிநாட்டு நிதி வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவே கூடாது. நிர்வாகச் செலவு உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. நீங்களே எஃப்சிஆர்ஏ பதிவு வாங்கலாம் என்று பார்த்தால், மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். கைக்காசில் டீ குடிக்கிற குழு 15 லட்சத்துக்கு எங்கே போகும்? 2008 முதல் 2015 வரை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு சிஇபிஎஃப் என்கிற சர்வதேசச் சூழல் நிதி வந்தது, பெங்களூரு ஆய்வு நிறுவனமான ஏட்ரீ ஒருங்கிணைத்தது, சின்ன மானியங்களும் போயின. அந்த மாதிரி பிரித்துக் கொடுப்பது இன்றைக்கு வெளிநாட்டுக் காசில் நடக்காது.

கரைவலை:
ஆக, பணம் கொடுக்க முடியாததால் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று நீயே சொல்லிவிட்டாய் தம்பி! எங்களுக்குத் தேவை என்று யாரும் விசாரிக்கவில்லை, அவர்களால் சட்டப்படி கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அவர்கள் அறிக்கையில் இத்தனை பேருக்குப் பயிற்சி என்று ஒரு எண் ஏறும், அவ்வளவுதான்.

மோயார்க்காரி:
கரைவலை அண்ணன் கோபம் நியாயம். ஆனால் குறை பாடத்தில் இருக்கிறது, பயிற்சியே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் பக்கம் பாறு கழுகு. மாட்டுக்குப் போடுகிற வலி மருந்து டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்னும் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்கிறது. 2006இலேயே கால்நடைக்குத் தடை போட்டாச்சு. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பி மெடிக்கல் ஷாப்பில் கிடைத்துக்கொண்டே இருந்தது, ஒரு குப்பி வாங்கினால் மாட்டுக்கு அளவு சரியாக இருக்கும். 2015இல் 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்றார்கள், மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. பாறு கழுகுக்காக வேலை பார்க்கிற அருளகம் மாதிரி உள்ளூர் அமைப்புகள் இதற்காக எவ்வளவு அலைந்தன என்று இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது சொல்லுங்கள், எங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? கடைக்காரருக்குச் சந்தேகம் வராமல் எந்த ஊசி மருந்து போகிறது என்று கேட்டறிவது. லேபிளில் இருக்கும் மூலப்பெயரைப் படிப்பது, ஏனென்றால் டைக்ளோஃபெனாக்கை விட்டால் அசிக்குளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் என்று வேறு பெயரில் அதே வில்லங்கம் வரும் (அந்த இரண்டுக்கும் 2023இல்தான் தடை வந்தது). கால்நடை ஆய்வாளரிடம், கழுகைக் கொல்லாத மாற்று மருந்தான மெலாக்சிகாம் பற்றிச் சண்டை வராமல் பேசுவது. நான் போன பட்டறைகளில் கேமரா டிராப் கட்டுவது உண்டு, ஜிபிஎஸ் உண்டு, மருந்துக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எதைச் சொல்லித்தருவது என்று எங்களைக் கேட்டுவிட்டு வந்தால் ஐந்து நாள் என்ன, பத்து நாள்கூட உட்காருவேன்.

பொரிப்பகம்:
நானும் ஆமை நடைக்காரன்தான். அதனால் கரைவலைக்கு நேராகவே சொல்கிறேன், உங்கள் “ஒரு முட்டைகூடக் கூடுதலாகப் பொரியாது” தப்பு.

எங்கள் குழுவில் பல வருடம் குழியின் ஆழத்தை முழங்கையால் அளந்தோம். யார் கை? உயரமான பையன் தோண்டினால் ஒரு ஆழம், கல்லூரிப் பெண் தோண்டினால் இன்னொரு ஆழம். நோட்டில் இரண்டுக்கும் “ஒரு முழம்”. பொரிப்பு குறைந்த வருடத்தில் காரணம் தேடி அந்த நோட்டைப் புரட்டினால் ஒன்றும் விளங்கவில்லை. ஆமை முட்டையில் ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது மணலின் சூடு, சுமார் 29 டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சு கூடும், இன்னும் ஏறினால் கரு செத்துவிடும். ஏப்ரல் வெயிலில் மேலே ஓலைப் பந்தல் போட்டோமா, எந்தத் தேதியில் போட்டோம் என்பதெல்லாம் எழுதிவைக்க வேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு கடல் உயிரியல் அக்கா வந்து சீசன் முழுக்க எங்களோடு நடந்தார். வகுப்பு எல்லாம் எடுக்கவில்லை. அளவு கோல் ஒன்று, குழிக்குள் வைக்க டெம்பரேச்சர் லாகர் (சூட்டைத் தானாகப் பதிகிற கருவி) கொஞ்சம், எடுத்த முட்டையைப் புரட்டாமல் சில மணி நேரத்துக்குள் புதைக்கணும் என்கிற கண்டிப்பு, இவ்வளவுதான் அவர் கொண்டுவந்தது. அவர் போன பிறகும் பசங்கள் அப்படியேதான் செய்கிறார்கள்.

மாதம் ஒரு ஜூம் அழைப்பில் இது வராது. அது எனக்கும் தெரியும்.

கரைவலை:
சீசன் முழுக்கக் கூட நடந்தவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்வேனா? ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்த லாகர் அளவுகள் எல்லாம் கடைசியில் எங்கே போயின? கட்டுரையாக வந்திருந்தால் அதில் உங்கள் பசங்கள் பேர் இருந்ததா, இல்லை கடைசியில் நன்றி சொல்கிற வரியில் “உள்ளூர்த் தன்னார்வலர்கள்” என்று போய்விட்டதா? வழிகாட்டி என்று வந்து டேட்டாவை வாரிக்கொண்டு போனவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர்.

பொரிப்பகம்:
இரண்டு பசங்கள் பேர் ஆசிரியர் வரிசையிலேயே இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வருமுன்னே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பஞ்சாயத்துப்பதிவேடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பயிற்சியே வேண்டாம் என்பவர்கள் ஊராட்சிதோறும் அந்தந்த ஊர் உயிரினங்களை எழுதிவைக்கிற மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு கதையைப் பார்க்கணும். 2002 பல்லுயிர்ச் சட்டத்தில் இருந்தும் யாரும் சீண்டவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 கெடு, தவறினால் மாநிலத்துக்கு மாதம் 10 லட்சம் அபராதம் என்றதும் நாடு முழுக்க ஓட ஆரம்பித்தார்கள். கெடு நெருங்க நெருங்க யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. நான் பார்த்த ஒரு கடலோர ஊராட்சிப் பதிவேட்டில் செடிப் பட்டியல் அப்படியே மலையடிவார ஊருடையது, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். கடற்புல் பற்றி ஒரு வரி இல்லை, அந்த ஊர்க்காரர்கள் தினமும் அதன் மேல்தான் வலை போடுகிறார்கள்.

மோயார்க்காரி:
இது பயிற்சி இல்லாததால் வந்ததா, அவசரத்தால் வந்ததா? பக்கத்து ஊர்ப் பட்டியலை நகல் எடுக்கக்கூடாது என்று தெரிய யாருக்கும் பட்டறை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
பேச்சு எங்கேயோ போகிறது. என் அனுபவத்தில் சின்ன அமைப்பு சாவது ஆமை தெரியாமல் அல்ல, ஆடிட்டர் இல்லாமல். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகத் தருகிற உள்நாட்டு சிஎஸ்ஆர் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ வேண்டாம், ஆனால் 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் வேண்டும், அதற்கு 12ஏ, 80ஜி என்கிற வருமானவரிப் பதிவுகள் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குழு, அருமையான வேலை, புதுப்பிக்கிற தேதியை விட்டுவிட்டார்கள். ஒரு கம்பெனி தயாராக வைத்திருந்த பணம் மார்ச் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்தப் பயிற்சி அறிவிப்பில் இரண்டாம் நாள் முழுக்கக் கணக்கும் பதிவும்தான். நான் விண்ணப்பிக்கிறேன். வழிகாட்டி ஒரு வாரமாவது களத்துக்கு வர வேண்டும், டேட்டா எங்களுடையது, இரண்டையும் படிவத்திலேயே எழுதிவிடப் போகிறேன்.

கரைவலை:
விண்ணப்பமே ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது, பார்த்தாயா? ராத்திரி எங்களோடு நடக்கிறவர்களில் பாதிப் பேர் அதைப் படிக்கவே மாட்டார்கள். நான் போடப்போவதில்லை. நீ முதலில் அதைத் தமிழில் கேட்டு எழுது. தந்தார்கள் என்றால் சொல், அந்த இரண்டாம் நாளுக்கு மட்டும் எங்கள் பொருளாளரை அனுப்பிவைக்கிறேன். எங்கள் 80ஜி எப்போது முடிகிறது என்று அவருக்கே தெரியாது.