சூடாக நிரப்பினால் கசியும் பொத்தான் மூடி: குறை எங்கே, காப்புரிமைக்கு எப்போது போவது?

கேள்வி: ஒருகைமூடி

500 மி.லி. எஃகு ஃபிளாஸ்க்குக்கு ஒரு கையாலேயே திறக்கக்கூடிய மூடி ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத்தான் முக்கியமாக. விவரம்:

கழுத்தின் உள்விட்டம் 45 மி.மீ. மூடி கழுத்துக்குள் மரையில் இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. கழுத்தின் உள்சுவரோடு அடைக்க 2.62 மி.மீ. தடிமனுள்ள சிலிக்கோன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), மூடியில் வெட்டிய பள்ளத்தில் உட்காருகிறது. பள்ளத்தின் அடியிலிருந்து கழுத்துச் சுவர் வரை 2.4 மி.மீ. விட்டிருக்கிறேன். நடுவில் 12 மி.மீ. விட்டத்தில் ஓர் அடைப்பான். பொத்தானை அழுத்தினால் அது பாட்டிலுக்குள் இறங்கி வழிவிடும். கையை எடுத்தால் ஸ்பிரிங் மேலே இழுத்து மூடிவிடும். ஸ்பிரிங்கும் ஓ-ரிங்கும் தவிர எல்லாம் பெட்ஜி பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் எடுத்தவை.

குளிர்ந்த நீர் ஊற்றித் தலைகீழாக வைத்தால் ஒரு சொட்டுகூட இல்லை. 90 டிகிரி நீர் ஊற்றினால் மூன்று கோளாறு வருகிறது. ஓ-ரிங் ஓரமாகக் கசிவு; பொத்தான் கல் மாதிரி இறுகிவிடுகிறது, பலமாக அழுத்தினால் பீய்ச்சி அடிக்கிறது; ஆறிய பிறகு மூடியைத் திருகவே முடிவதில்லை.

இதை எப்படிச் சரிசெய்வது? இன்னொன்று: மக்களிடம் நிதி திரட்டும் தளத்தில் வீடியோ போட்டு வரவேற்பைப் பார்த்துவிட்டு, அதன்பின் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில் 1: அழுத்தக்கணக்கு

மூன்றில் இரண்டு கோளாறு ஒரே காரணத்தால் வருபவை. அழுத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

மூடும்போது மேலே இருக்கும் காற்று 25 டிகிரி என்று வையுங்கள். மூடிக் குலுக்கியதும் அது 90 டிகிரிக்குப் போகிறது. காற்றின் அழுத்தம் மட்டும் 101 கிலோபாஸ்கலிலிருந்து 123-க்கு ஏறும். அதோடு 90 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 70 சேர்கிறது. மொத்தம் 193, வெளிக்காற்றைக் கழித்தால் 92 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 0.9 பார். 45 மி.மீ. விட்டத்து மூடியின் மேல் இது 146 நியூட்டன். 15 கிலோ எடையைக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுவதற்குச் சமம். இது மோசமான நிலைக்கான கணக்கு. ஊற்றும்போதே காற்று கொஞ்சம் சூடாகிவிடுவதால் நடப்பில் குறைவாக இருக்கும். ஆனால் வடிவமைக்க வேண்டியது மோசமான நிலைக்குத்தான்.

உங்கள் அடைப்பான் உள்ளிருந்து மேல்நோக்கி அமர்கிறது. அது நல்ல முடிவு, அழுத்தம் ஏறஏற அடைப்பு இறுகும். அதற்கு விலை, திறக்கும்போது அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பது. 12 மி.மீ. வட்டத்துக்கு 10 நியூட்டனுக்குச் சற்று மேல், அதோடு ஸ்பிரிங்கின் விசை. கட்டைவிரலுக்கு அது கல்தான். திறந்த நொடியில் முழு அகலமும் வழிவிடுவதால் பீய்ச்சுகிறது.

வழி இது: அடைப்பானின் நடுவில் 2 மி.மீ. துளை போட்டு, அதைப் பொத்தானின் தண்டு மூடும்படி செய்யுங்கள். பொத்தான் இறங்கும் முதல் 1.5 மி.மீ.க்குள் தண்டு மட்டும் நகர்ந்து துளை திறக்கட்டும். அதற்குப் பிறகே தண்டின் தோள் அடைப்பானில் முட்டி அதைக் கீழே தள்ளட்டும். 2 மி.மீ. துளையின் மேல் விழும் விசை 0.3 நியூட்டன்கூட இல்லை. மேலே உள்ள காற்று 100 மி.லி. இருந்தாலும் அந்தத் துளை வழியாக ஒரு வினாடிக்குள் இறங்கிவிடும். துளைக்கு நேர் மேலே தகடு மாதிரி ஒரு தடுப்பு வையுங்கள், இல்லாவிட்டால் துளிகள் முகத்துக்கு வரும். பாட்டில் நிமிர்ந்திருந்தால்தான் துளை காற்றில் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். சாய்த்தபடி திறந்தால் வெளியே வருவது வெந்நீர்.

ஆறிய பிறகு திருக முடியாததும் இதன் மறுபக்கமே. ஆவி நிரம்பிய நிலையில் பாட்டிலை மூடிவிட்டு 25 டிகிரிக்கு ஆறவிட்டால் உள்ளே மிஞ்சுவது 29 கிலோபாஸ்கல் அளவுதான். மூடியை வெளிக்காற்று 11, 12 கிலோ எடைக்குச் சமமாக உள்ளே அழுத்துகிறது. அந்த 2 மி.மீ. துளையே இதற்கும் மருந்து: திருகும் முன் பொத்தானைப் பாதி அழுத்தினால் போதும்.

அடுத்து ஓ-ரிங். 2.62-க்கு 2.4 இடைவெளி என்றால் 8 சதவீதம்தான் நசுங்குகிறது. அசையாத அடைப்புக்கு 15 முதல் 30 சதவீதம் வேண்டும். 2.1 மி.மீ. ஆக்குங்கள், 20 சதவீதம் கிடைக்கும். பள்ளத்தின் அகலம் 3.5 மி.மீ. இருக்கட்டும். அப்போது ரப்பர் பள்ளத்தில் 73 சதவீத இடத்தை எடுத்துக்கொள்ளும். இறுக்கமாக இருக்கட்டும் என்று 3 மி.மீ.க்குக் குறைத்துவிடாதீர்கள். 65 டிகிரி சூடேறினால் சிலிக்கோனின் கனஅளவு ஏறக்குறைய 5 சதவீதம் கூடும்; போக இடமில்லாத ரப்பர் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி மரையில் சிக்கி அறுபடும்.

பதில் 2: பிரிண்ட்பட்டறை

மேலே சொன்ன கணக்கோடு பொருளையும் பாருங்கள். பெட்ஜி 80 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். 90 டிகிரி ஆவி படும் மூடியில் ஓ-ரிங்கின் அழுத்தத்துக்கு இணங்கிப் பள்ளமே மெல்ல அகன்றுவிடும். முதல் தடவை கசியாமல் இருந்து ஐந்தாவது தடவை கசிந்தால் காரணம் அதுதான். பிஎல்ஏ பிளாஸ்டிக் இன்னும் மோசம், 60 டிகிரியிலேயே போய்விடும். சோதனைக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக் எடுங்கள், 100 டிகிரி வரை நிற்கும்.

பிரிண்டில் அடுக்குக் கோடுகள் இருக்குமே, அவையும் கசிவுப் பாதைதான். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை 400, பிறகு 800 எண் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, மெல்லிய எபாக்சி பிசின் ஒரு பூச்சு கொடுத்து, காய்ந்ததும் மறுபடி 800 போடுங்கள். அடுக்குகளின் இடுக்கில் கிருமி தங்கும், எபாக்சியும் எல்லாமே உணவுக்கு ஏற்றதல்ல. ஆகவே சோதனைக்கு நீர் மட்டும். அதைக் குடிக்க வேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பிரிண்டில் சரியாக வந்த அளவை, பிறகு விற்பனைக்காகப் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் வார்க்கும் அச்சுக்கு அப்படியே கொண்டுபோனால் மூடி வேறு மாதிரி நடந்துகொள்ளும். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 17 மைக்ரான் விரிகிறது, பாலிபுரோப்பிலீன் சுமார் 130. 45 மி.மீ. விட்டத்தில் 65 டிகிரி ஏற்றத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் 0.33 மி.மீ. உங்கள் மூடி கழுத்துக்குள் இறங்கும் வகை என்பதால் சூட்டில் அது இறுகும்: இடைவெளி பக்கத்துக்கு 0.16 மி.மீ. குறைந்து, 20 சதவீத நசுக்கம் 26-க்கு ஏறும். எல்லைக்குள்தான், ஆனால் திருகக் கடினம். பாலிபுரோப்பிலீனுக்கு 17, 18 சதவீதத்தில் தொடங்குவது நல்லது. கழுத்துக்கு வெளியே திருகும் மூடியாக இருந்தால் நேர் எதிர், சூட்டில் தளரும்.

கழுத்தின் உள்விட்டத்தை வெர்னியரால் நான்கு திசையில் அளந்தீர்களா? எஃகுக் கழுத்து முழு வட்டமாக இருப்பது அரிது. 0.2 மி.மீ. முட்டை வடிவம் இருந்தாலே ஒரு பக்கம் நசுக்கம் 4 சதவீதத்துக்கு விழும், உங்களது இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பக்கவாட்டு அடைப்பை விட்டுவிட்டு, கழுத்தின் மேல் விளிம்பில் தட்டையாக அழுந்தும் வாஷராக மாற்றினால் முட்டை வடிவம் ஒரு பொருட்டே அல்ல. என் தேர்வு அதுதான்.

பதில் 3: முன்தேதி

இரண்டாவது கேள்விக்கு: கூடாது. முதலில் விண்ணப்பம், பிறகுதான் வீடியோ.

காப்புரிமைக்கு அடிப்படை, விண்ணப்பத் தேதிக்கு முன் அது உலகில் எங்கும் வெளிவராமல் இருப்பது. வெளியிட்டவர் நீங்களே என்றாலும் ஐரோப்பியக் காப்புரிமைக்கு அது தடைதான். அமெரிக்காவில் தன் வெளியீட்டிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. அதை நம்பி மற்ற நாடுகளை இழக்காதீர்கள். ஒரு நாட்டில் முதலில் விண்ணப்பித்துவிட்டால், 1883-இன் பாரிஸ் உடன்படிக்கைப்படி 12 மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளிலும் அதே முன்னுரிமைத் தேதியோடு, அதாவது முதல் விண்ணப்பத்தின் தேதியே கணக்கில் வரும்படி, விண்ணப்பிக்கலாம். வீடியோவையும் நிதி திரட்டலையும் அந்த 12 மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பட்டறைக்காரரிடம் காட்ட வேண்டியிருந்தால் ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும்.

ஃபிளாஸ்க்குக்கே இதில் ஒரு பாடம் இருக்கிறது. விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் 1892-இல் வெற்றிடக் குடுவையை உருவாக்கினார், காப்புரிமை எடுக்கவில்லை. 1904-இல் ஜெர்மனியில் அதை வீட்டுப் பொருளாக்கித் தெர்மோஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். டூவர் நீதிமன்றம் போயும் உரிமையை மீட்க முடியவில்லை.

விண்ணப்பிக்கும் முன் தேடுங்கள், அதுவும் ஆழமாக. டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே அதைப் பதிந்திருந்தது பிறகு தெரியவந்து, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. உங்களுக்கு வசதியாக எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் மூன்றுமே இலவசம். வெறும் சொல்லை வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும். ஒருவர் மூடி என்பார், இன்னொருவர் அடைப்பு உறுப்பு என்பார். காப்புரிமை ஆவணங்களுக்குத் துறைவாரியாகத் தரப்படும் வகைக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். காற்று வெளியேறும் வழியுள்ள மூடிகள் பி65டி 51/16-இல் இருக்கும். ஊற்றும் அமைப்புள்ளவை பி65டி 47. வெப்பம் காக்கும் பாத்திரங்கள் ஏ47ஜே 41. கிடைத்த ஒவ்வோர் ஆவணத்திலும் அது மேற்கோள் காட்டியவற்றையும், அதை மேற்கோள் காட்டியவற்றையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் நெருக்கமான ஒன்று அங்கேதான் கிடைக்கும்.

மீண்டும்: ஒருகைமூடி

மூவருக்கும் நன்றி. நசுக்கம் 8 சதவீதம்தான் என்பது இப்போது தெளிவு. இரண்டு சந்தேகம். விளிம்பு வாஷருக்கு மாறினால் திருகித் திறக்கும்போது அழுத்தத்தில் மூடி தெறிக்குமா? முதலில் சிறு துளை, பிறகு பெரிய வழி என்ற இந்த இரண்டு கட்டத் திறப்பையே உரிமைகோரலாக (விண்ணப்பத்தில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் பகுதி) எழுதலாமா?

அழுத்தக்கணக்கு

தெறிப்பது, அடைப்பு விடுபடும் நேரமும் மரை விடுபடும் நேரமும் நெருங்கியிருந்தால்தான். தட்டையான வாஷர் அரை மி.மீ. உயர்ந்தாலே விடும், 4 மி.மீ. மரையில் அது எட்டில் ஒரு சுற்று. அப்போது மரை குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது பிடித்திருக்க வேண்டும். உங்கள் பழைய பக்கவாட்டு ஓ-ரிங் விடுபட 3 மி.மீ. ஏற வேண்டும், முக்கால் சுற்று. ஆபத்து அதில்தான் அதிகம். இன்னொன்றும் செய்யுங்கள்: சோடா பாட்டில் மரையில் இருப்பது போல மரையை நெடுக்காக நான்கு இடத்தில் வெட்டிவிடுங்கள். வாயு அந்த வழியாகப் போய்விடும்.

சோதனையை இந்த வரிசையில் வையுங்கள். முதலில் மூடியில் சைக்கிள் ட்யூப் வால்வு ஒன்றைப் பொருத்தி, பாட்டிலை பத்தில் ஒன்பது பங்கு குளிர்நீரால் நிரப்பி, வாளி நீருக்குள் முக்கி, பம்பால் 1 பார் வரை ஏற்றுங்கள். குமிழ் எங்கே வருகிறதோ அங்கே கசிவு. வெறும் காற்றை அடைத்துச் செய்யாதீர்கள், மூடி பறந்தால் வேகம் அதிகம். அது தேறிய பிறகு 90 டிகிரி நீர் 400 மி.லி., குலுக்கிப் படுக்கவைத்து 30 நிமிடம், முன்னும் பின்னும் 0.1 கிராம் துல்லியமுள்ள தராசில் எடை. ஒரு சொட்டு சுமார் 0.05 கிராம்தான், அதனால் அடியில் உலர்ந்த டிஷ்யூவும் வையுங்கள். கையுறை கட்டாயம், மூடி முகத்தைப் பார்க்கக் கூடாது. கடைசியாக, சூடு, குளிர் என்று 50 முறை மாற்றி மாற்றிச் செய்து ஓ-ரிங்கின் தடிமனை மறுபடி அளங்கள். தட்டையாகவே நின்றுவிட்டால் மலிவான சிலிக்கோன்.

பால் கலந்த பானத்துக்குத் துளையையும் தண்டையும் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். கொழுப்பு படிந்து 2 மி.மீ. துளை அடைத்துக்கொண்டால் பீய்ச்சல் திரும்ப வந்துவிடும்.

முன்தேதி

இரண்டு கட்டத் திறப்பு என்று பொதுவாக எழுதினால் நிற்காது. பெரிய வால்வைத் திறக்கும் முன் அதற்குள் ஒரு சிறு வால்வைத் திறந்து அழுத்தத்தைச் சமப்படுத்துவது தொழிற்சாலைகளில் நெடுநாளாக உள்ள முறை. வெட்டிய மரையும் பழையது. காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் இவற்றைச் சேர்த்துவைத்து, துறை அறிந்தவருக்கு இது எளிதில் தோன்றக்கூடியதே என்பார்.

உங்களுக்கு இடம் இருக்கக்கூடியது, ஒரே பொத்தான் மூன்று வேலை செய்வதில்: சூட்டில் அழுத்தத்தை விடுவது, ஆறியபின் வெற்றிடத்தை விடுவது, தண்டு பாதியில் நின்றிருக்கும்போது மட்டும் மூடியைத் திருக விடுவது. கடைசியது இப்போது உங்கள் வரைபடத்தில் இல்லை. தண்டோடு சேர்ந்து இறங்கும் ஒரு சிறு பூட்டுநாக்கு போதும், உரிமைகோரலும் அதைச் சுற்றி எழுதலாம். தேடலில் அதே சேர்க்கை கிடைத்துவிட்டால் தோற்றத்துக்கு மட்டும் வடிவமைப்புப் பதிவு எடுங்கள், செலவு குறைவு.

பிரிண்ட்பட்டறை

சைக்கிளுக்கு என்றால் இரண்டு அளவு விடுபட்டிருக்கிறது. பாட்டில் கூண்டுகள் பெரும்பாலும் 73, 74 மி.மீ. விட்டத்துக்கானவை, உங்கள் ஃபிளாஸ்க் அதில் உட்காருகிறதா என்று பாருங்கள். அதிர்வில் பொத்தான் தானாக இறங்காதபடி பக்கவாட்டில் நகர்த்தும் பூட்டு ஒன்று வேண்டும். 60 டிகிரி நீரே தோலில் சுமார் 5 வினாடி பட்டால் ஆழமாகச் சுடும். ஆகவே குடிக்கும் வழியின் அகலத்தை 12 மி.மீ.யிலிருந்து 6-க்குக் குறைத்து ஒரு பிரிண்ட் எடுத்து ஓட்டிப் பாருங்கள்.